மச்சான் கையில் கயிறு

சவேரியின் மேல் இரும்பு உத்திரம் சரிந்தபோது முதலில் அலறியவன் ததேயுதான்.

இத்தனைக்கும் அவன் கடலுக்குள்ளேயே இல்லை. மணப்பாட்டுக்குத் தெற்கே நங்கூரம் போட்டு நின்ற வேலைக்கப்பலில், ஏசி அறையில், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நேர் கீழே, வெயில் எட்டாத ஆழத்தில், நீரோட்டத்தில் சுற்றி மின்சாரம் எடுக்கும் டர்பைன்களில் ஒன்று பழுதாகிக் கிடந்தது. அதைச் சரிசெய்யத்தான் சவேரியும் நெய்னாவும் காலையில் இறங்கியிருந்தார்கள். இப்போது ததேயு தன் இடது தொடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு துடித்தான். தொடையில் ஒரு கீறல்கூட இல்லை.

"யாருது?" என்றாள் நிரஞ்சனா. கப்பலுக்குப் பொறுப்பான பொறியாளர் அவள். "ததேயு, கேக்குதா? யாரோட வலி?"

இந்தத் தொழிலுக்கு வருகிறவனுக்கு முதல் நாள் முதல் பாடமே அந்தக் கேள்விதான். உடம்பில் எது தோன்றினாலும், வலியோ பசியோ பயமோ, உடனே தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: இது யாருது? கேட்டு, பிரித்து, உரியவனிடம் ஒதுக்கிவிட்டுத் தான் தானாக நிற்க வேண்டும். கேட்க மறந்தவன் கரைந்துபோவான் என்று சொல்லிச் சொல்லியே மண்டையில் ஏற்றியிருந்தார்கள்.

"சவேரியோடது," என்றான் ததேயு, மூச்சு திரும்பியதும். "தொடைக்கு மேல உத்திரம் கெடக்கு. எலும்பு போச்சு. நெய்னாவுக்கு ஒண்ணுமில்ல."

ஆழத்தில் மனிதனுக்குப் புத்தி பேதலித்துவிடும். அங்கே இருப்பது இருட்டு, தண்ணீரின் பாரம், தன் மூச்சின் சத்தம், அவ்வளவுதான். கைதேர்ந்த ஆட்களே அங்கே போய்த் தங்கள் காற்றுக்குழாயைத் தாங்களே அவிழ்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். இயந்திரங்களை இறக்கிப் பார்த்தார்கள். சேறு கலங்கியதும் அவை குருடாகி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவானுக்கு யோசனை வந்தது. கீழே தவிக்கிறவனின் நரம்போடு, மேலே நிதானமாக உட்கார்ந்திருக்கிற ஒருவனின் நரம்பைப் பிணைத்துவிட்டால் என்ன? மேலே இருப்பவன் சீராக மூச்சுவிட்டால் கீழேயும் மூச்சு சீராகும். மேலே தெளிவிருந்தால் கீழேயும் தெளிவிருக்கும். கம்பெனி அதற்கு வைத்த பெயர் உயிரிணைப்பு. கரையில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை, கயிறு என்பார்கள். சங்கு குளித்த காலத்தில், இறங்குகிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றைத் தோணியில் ஒருவன் பிடித்திருப்பானே, அந்தக் கயிறு.

கயிற்றில் வேடிக்கைகளும் உண்டு. நெய்னா கீழக்கரைக்காரன். நோன்பு மாதத்தில் அவன் இறங்கினால், வயிறு முட்டத் தின்றுவிட்டு மேலே உட்கார்ந்திருப்பவனுக்கும் சாயங்காலம்வரை பசி காந்தும். ஒருதரம் சவேரிக்கு முதுகில் வேர்க்குரு வர, குழு மொத்தமும் கிடைத்த தூணில் எல்லாம் முதுகைத் தேய்த்துக்கொண்டு திரிந்தது. கயிற்றைக் கழற்றிய பிறகு இதெல்லாம் ஒரு நாளைக்குள் அடங்கிவிடும். அடங்கத்தான் வேண்டும் என்பது கணக்கு.

சிரிக்க முடியாத பக்கமும் இருந்தது. கயிற்றில் இருக்கும்போது ஒருவன் நெஞ்சு நின்றால், பிணைந்திருப்பவன் நெஞ்சும் கூடவே நின்றுவிடும். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கப்பலில் அப்படி மொத்தக் குழுவும் போயிற்று. அதற்குப் பிறகு வந்ததுதான் வெட்டு. இனிப் பிழைக்க மாட்டான் என்று தெரிந்தவனின் இணைப்பை, அவன் நெஞ்சு நிற்பதற்குள் கயிறு பிடிப்பவன் துண்டித்துவிட வேண்டும். நாற்காலியின் கைப்பிடியில் ஆளுக்கொரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அது ததேயுவின் கட்டைவிரலுக்கு மட்டும்தான் கட்டுப்படும். உடை நசுங்கிவிட்டால் கீழிருந்து எந்த அளவும் திரைக்கு வராது. அங்கே ஒரு நெஞ்சு துடிக்கிறதா என்பது கயிறு பிடிப்பவனைத் தவிர யாருக்கும் தெரியாது. கவசத்தை வெளியிலிருந்து யாராவது பிடுங்கினால், இரண்டு முனையிலும் உயிர் மிஞ்சாது.

"நெய்னா, என்ன பாக்கறீங்க, சொல்லுங்க," என்றாள் நிரஞ்சனா ஒலிவாங்கியில்.

நெய்னாவின் குரல் இரைந்துகொண்டு வந்தது. "தாங்கி உடஞ்சு உத்திரம் அப்புடியே சாஞ்சிருக்கு மேடம். காத்துக்குழாய் நசுங்கிட்டு. முதுகுல இருக்குற சிலிண்டர்ல ஓடிக்கிட்டு இருக்காங்க. வேற சிலிண்டர் மாட்டலாம்னா மாட்டுற வாயே உத்திரத்துக்கு அடியில மாட்டியிருக்கு. ஜாக்கி வச்சுப் பாக்குறேன்."

"தூக்கற கப்பல் தூத்துக்குடியிலிருந்து கிளம்பிடுச்சு. வந்து சேர சாயங்காலம் ஆகும்."

"காத்து மத்தியானம் வரைக்கும் ஓடாது மேடம்."

ததேயு தொடையிலிருந்து கையை எடுத்தான். வலியை ஒதுக்கிவைத்துவிட்டான். ஆனால் அந்த வலிக்குப் பின்னால் வேறொன்று அவன் உள்ளே ஒரு கணம் தலைகாட்டிவிட்டு ஒளிந்திருந்தது. பழக்கத்தில் அவன் அதையும் கேட்டான், இது யாருது? அது அவனுடையதுதான். அது ஒரு சின்ன சந்தோஷம். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்தச் சந்தோஷத்துக்கு மூன்று வருட வயது. ததேயுவின் தம்பி லூக்காசும் இதே கம்பெனியில் கடலுக்குள் இறங்கும் குளியாளாக இருந்தான். கல்யாணமாகாதவனுக்குப் பெண்சாதி வழியில் மச்சான் இல்லை ஆகையால், அவனுக்கு அக்காளும் ததேயுவுக்குத் தங்கச்சியுமான ஜெசிந்தாவின் புருஷன் கயிறு பிடித்தான், அதாவது சவேரி. ஒரு நாள் லூக்காஸ் குழாய்க்குள் சிக்கிக்கொண்டான். ஆள் மேலே வரவில்லை, உடம்புதான் வந்தது. கல்லறைத் தோட்டத்தில், கம்பெனி ஆட்கள் மாலையோடு வரிசையில் நின்றிருக்கும்போது, ததேயு சவேரியின் சட்டையைப் பிடித்துக் கேட்டான்: "வெட்டுனியா?" சவேரி தலை குனிந்து, "ஆமா" என்றான். விதிப்படி அது சரிதான். லூக்காசோடு இறங்கியவனும் பிழைத்தான், சவேரியும் பிழைத்தான். ஆனால் தம்பி கடைசி நேரத்தில் அந்த இருட்டில் ஒண்டியாகக் கிடந்து செத்தான் என்பது ததேயுவின் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அன்றைக்குப் பிறகு சவேரி வீட்டுப்படி ஏறினால் ததேயு கதவைச் சாத்துவான்.

போதாக்குறைக்கு இன்னொன்று. லூக்காசுக்கு ஒரு பழக்கம் உண்டு. பன்னை எடுத்தால் இரண்டாகப் பிய்த்துப் பாதியை மேசையின் எதிர்ப்பக்கம் தள்ளிவைப்பான், எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தேநீரில் சீனியை அள்ளிக் கொட்டுவான். அவன் போன பிறகு சவேரியும் அதையே செய்ய ஆரம்பித்தான். ஜெசிந்தா வீட்டில் ஒரு திருநாள் அன்று அதைப் பார்த்த ததேயு சாப்பிடாமல் எழுந்து போனான். செத்தவனை வைத்து நடிக்கிறான் என்று தெருவெல்லாம் சொன்னான்.

அப்படிப்பட்டவன் எப்படி சவேரிக்குக் கயிறு பிடிக்க வந்தான்? அதுவும் ஜெசிந்தாவால்தான். கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பான், பெண்சாதியின் உடன்பிறந்தவன். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் கயிற்றை நழுவவிட மாட்டான் என்ற நம்பிக்கை. கம்பெனி விதியோ இதற்கு நேர் எதிர். சொந்தக்காரன் கை வெட்டத் தயங்கும், எனவே சொந்தக்காரன் பிடிக்கக் கூடாது. கரையாட்கள் விதிக்குத் தலையாட்டிவிட்டு வழக்கத்தைச் செய்தார்கள். சவேரி மச்சாது, ததேயு பர்னாந்து. இந்தக் குடும்பப் பெயர்களை வைத்து உறவு கண்டுபிடிக்கக் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. "நீ பிடிண்ணே," என்று ஜெசிந்தா வந்து நின்றாள். "வேற யாரு பிடிச்சாலும் எனக்கு ஒறக்கம் வராது." அவன் மாட்டேன் என்று ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு, பிறகு வந்தான். கயிற்றில் இருக்கும்போதும் சவேரியிடம் வேலைப் பேச்சு தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. சவேரியின் பக்கமிருந்து ஏதாவது நினைவு கசிந்து வந்தால் சட்டென்று ஒதுக்கிவிடுவான்.

ஜாக்கி நழுவியது. தொடைவலி மறுபடி ததேயுவைப் பிளந்தது.

"நெய்னா, நிறுத்துங்க. சேத்துல ஜாக்கி நிக்காது," என்றாள் நிரஞ்சனா. "நீங்க கூண்டுக்குப் போங்க." கூண்டு என்பது ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்பு அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் காற்றும் வெளிச்சமும் உண்டு, கயிறு தேவையில்லை.

"அண்ணனை விட்டுட்டு எங்குட்டுப் போறது?"

"உங்களுக்கும் காத்து குறையுது. போங்க." அவள் ஒலிவாங்கியை மூடிவிட்டு ததேயுவின் பக்கம் திரும்பினாள். அவள் உதடு வெளுத்திருந்தது. "நெய்னா உள்ள போனதும் அவர் இணைப்ப எடுத்துடுங்க. அப்புறம்... சவேரிய வெட்டணும். தெரியுமில்ல?"

"தெரியும்."

கீழே நெய்னாவுக்கு இது கேட்டிருக்க வேண்டும். கயிற்றில் எதையும் மறைக்க முடியாது. அவன் உடைந்துபோய்ச் சொன்னான்: "சொந்த மச்சானப் போயி வெட்டச் சொல்றீங்களே மேடம்."

நிரஞ்சனா அப்படியே நின்றாள். "மச்சானா?"

ததேயு தலையை மட்டும் ஆட்டினான்.

"எவ்வளவு பெரிய தப்பு பண்ணியிருக்கீங்க தெரியுமா? உங்களால இத செய்ய முடியாது. செய்யலன்னா நீங்களும் சாவீங்க. என் கண்ணு முன்னால." அவள் கோபத்தில்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் நடுங்கியது. "உங்க கவசத்த நான் கழட்டவும் முடியாது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"நீங்க ஒண்ணும் செய்யாண்டாம் மேடம். எனக்கு அவன்மேல பாசமெல்லாம் கெடையாது. விரலு தயங்காது."

சொல்லும்போதே அந்தச் சின்ன சந்தோஷம் மறுபடி எட்டிப் பார்த்தது. கீழே சவேரி அதைப் பார்த்துக்கொண்டிருப்பது ததேயுவுக்குத் தெரிந்தது.

நெய்னா போக மனமில்லாமல் சவேரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சவேரியே அவனைத் தள்ளினான். "போ தம்பி. பிள்ளைகளுக்கு வாப்பா வேணும். மேல மச்சான் இருக்கான்." நெய்னா கூண்டுக்குள் ஏறிக் கதவைத் திருகி மூடியதும் ததேயு அவனுக்குரிய பொத்தானை அழுத்தினான். நெய்னாவின் பயமும் முழங்கால் வலியும் அவன் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த ஓதலும் ஒரே நொடியில் இல்லாமல் போயின. அறைக்குள் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றதைப் போல ஒரு வெறுமை. இனிமேல் இரண்டு பேர்தான்.

"வெட்டிரு மச்சான்," என்றான் சவேரி. குரல் வெளியே வரவில்லை. இருவருக்கும் நடுவில் அது தேவைப்படவும் இல்லை.

"பதறாம கெடல. பதறுனா காத்து போவும்."

"காத்தை வச்சு என்ன செய்யப்போறேன். சாயங்காலம் வரைக்கும் இல்லாத காத்து."

ததேயு கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தான். அது குளிர்ந்திருந்தது. சவேரியின் மூச்சு குறுகிக் குறுகி வந்தது. அவன் பயப்படுகிறான். இது அவனுடையது, என்னுடையது இல்லை, என்று ததேயு ஒதுக்கினான். ஒதுக்க ஒதுக்க அது திரும்பி வந்தது.

"மாப்ள," என்றான் கடைசியில். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை. "உத்திரம் விழுந்தப்ப ஒரு நொடி எனக்கு..."

"தெரியும்ல. எனக்கும்தான் கேட்டுச்சு."

"கோவமில்லியா?"

"இங்க கெடந்து யோசிச்சுப் பாத்தேன். அது உன்னோடதா என்னோடதான்னே புரியல. லூக்காசு போனதுல எனக்கும் என்மேல அந்தக் கோவம் உண்டு."

கல்லறைத் தோட்டத்தில் ஊர் முன்னால் கேட்ட கேள்வியை ததேயு இப்போது யாருமில்லாத இடத்தில் கேட்டான். "லூக்காச வெட்டுனியா?"

வருடக்கணக்காகத் ததேயு எதை ஒதுக்கிக்கொண்டிருந்தானோ, அந்த நினைவைச் சவேரி அப்படியே திறந்துவிட்டான். கூட இறங்கியவன் முன்னமே கூண்டுக்குள் போய்விட்டான். குழாயின் உள்ளே இருட்டு. லூக்காசின் தோள் இரண்டு பக்கமும் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது. "அத்தான், இருக்கியளா?" என்கிறான். "இருக்கேன்ல." "போயிராதீங்க." "எங்கயும் போகல." நாற்காலியில் சவேரியின் விரல் பொத்தானை விட்டு விலகி, மடங்கி, உள்ளங்கைக்குள் போய்விடுகிறது. லூக்காசுக்குப் பயம் குறைகிறது. அவன் அக்காள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை நினைத்துக்கொள்கிறான். பிறகு அவன் நெஞ்சு நிற்கிறது. சவேரியின் விரல் பொத்தானுக்குத் திரும்பியது அதற்கு ரொம்ப நேரம் கழித்து.

ததேயு அழுதான். கவசத்துக்குள் கண்ணைத் துடைக்க வழியில்லை.

"பெறகு ஏம்ல ஆமான்னு சொன்ன?"

"கம்பெனிக்காரன் பக்கத்துலயே நின்னானே. வெட்டலன்னு தெரிஞ்சா கரையாள் கையில கயிறே இருக்காது. முகம் தெரியாத எவன்கிட்டயாவது குடுப்பான், இல்லன்னா மெஷின்கிட்ட. அது எல்லாரையும் வெட்டும், நேரம் பாத்து."

"என்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாம்ல."

"வந்தேன். கதவ சாத்துன. மறுபடியும் வந்தேன், மறுபடியும் சாத்துன."

நிரஞ்சனா ததேயுவின் தோளில் கை வைத்தாள். "நேரமாச்சு ததேயு. தயவுசெஞ்சு."

"நீ ஏன் அன்னைக்குச் சாவல?" என்று கேட்டான் சவேரியிடம்.

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும் சொல்லுதேன். அந்த மொதக் கப்பல்ல செத்தாங்கள்லா, அவங்க ஒதறிக்கிட்டே செத்திருப்பாங்க. இது என்னோடது இல்ல, என்னோடது இல்லன்னு. எனக்கு ஒதற மனசு வரல. யாருதுன்னு கேக்கறதயே விட்டுட்டேன். அப்பம் அது வந்து, போயிட்டு. நான் இருந்தேன். அவனும் இருந்தான்."

"நிச்சயமா தெரியுமா?"

"செத்துப்போன அந்தக் கப்பல்காரன்கிட்டத்தான் கேக்கணும்." சவேரி அந்த நிலையிலும் சிரித்தான்; ததேயுவின் வயிறு குலுங்கியது. பிறகு சிரிப்பு அடங்கியது. "நிச்சயமில்ல மச்சான். அதான் வெட்டச் சொல்லுதேன். ரெண்டு பேரும் போயிட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

ததேயுவை உலுக்கியது அதுதான். பெற்றவர்கள் இல்லை, லூக்காஸ் இல்லை. ஜெசிந்தாவுக்கு மீதி இந்த இரண்டு பேர்தான். விரலை அழுத்தினால் ஒருவன் நிச்சயமாக மிஞ்சுவான். இன்னொருவன் இருட்டில் ஒண்டியாகக் கிடப்பான். அழுத்தாவிட்டால் ஒருவேளை இரண்டு பேரும் மிஞ்ச மாட்டார்கள். அண்ணனாக யோசித்தால் அழுத்த வேண்டும். மச்சானாக யோசித்தால் கயிற்றை விடக் கூடாது. இரண்டும் அவனேதான்.

சவேரி சிலிண்டரின் அடிக்காற்றை இழுக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு இழுப்பும் பாதியில் நின்றது. பயம் திரும்பவும் வந்தது, இப்போது பெரிதாக. "மச்சான்," என்றான். மேலே எதுவும் சொல்லவில்லை. போயிராத என்று கேட்க அவனுக்கு மனம் வரவில்லை என்பது ததேயுவுக்குத் தெரிந்தது.

ததேயு கட்டைவிரலை எடுத்து உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"இருக்கேன்ல," என்றான்.

நிரஞ்சனா அதைப் பார்த்துவிட்டாள். "ததேயு, வேண்டாம்," என்றாள். அவன் கேட்கவில்லை. அவன் பயத்தைத் தள்ளவில்லை, அது உள்ளே வரட்டும் என்று விட்டான். யாருது என்ற கேள்வி பழக்கத்தில் உதட்டுவரை வந்தது, அதையும் விழுங்கினான். தொடை வலித்தது. சேறு முதுகில் குளிர்ந்தது. இரும்பின் பாரம் தெரிந்தது. அந்தப் பாரத்தைத் தாங்கும் தரையும் தெரிந்தது. கீழே நசுக்கிக்கொண்டிருந்த அதே தண்ணீர்தான் மேலே கப்பலைத் தாங்கிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு பெண்ணின் கை நடுங்கியது. அந்த நடுக்கமும் இந்தப் பயமும் ஒன்றாகவே இருந்தன. கூண்டுக்குள் ஒருவன் ஓதிக்கொண்டிருப்பான், கரையில் ஒருத்தி அரிசி களைந்துகொண்டிருப்பாள். எங்கே ஒருவர் முடிந்து இன்னொருவர் தொடங்குகிறார் என்று தேடிப்பார்த்தால் அப்படி ஓர் இடமே தட்டுப்படவில்லை. பயம் யாருடையதும் இல்லை என்று ஆனபின், பிடித்துத் தொங்க ஆளில்லாமல் அது மெல்லக் கைவிட்டது. அங்கே ஓரத்தில் சீனி நிறையப் போட்ட தேநீரின் வாசனை ஒன்று வந்தது. தம்பி, என்று நினைத்தான். அல்லது சவேரி நினைத்தான்.

நெஞ்சு நின்றது.

நிரஞ்சனா அவன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள், நாடி இல்லை. அவள் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவனுக்கு அது வெகுதூரத்தில் கேட்டது. அவன் உதறவில்லை. காத்திருக்கவும் இல்லை. பிறகு ஒரு நெஞ்சு துடித்தது. எந்தக் கூட்டுக்குள் துடித்தது என்று அவனுக்கு முதலில் தெரியவில்லை. இன்னொரு முறை துடித்தது. அவள் விரலடியில் நாடி ஓடத் தொடங்கியது.

ததேயு கண்ணைத் திறந்தான். மெதுவாகக் கட்டைவிரலை விரித்துப் பொத்தானை அழுத்தினான்.

சாயங்காலம் தூக்குக் கப்பல் வந்தது. உத்திரத்தை எடுத்து, நெய்னாவைக் கூண்டோடும் சவேரியைத் துணி சுற்றியும் மேலே கொண்டுவந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த இரண்டு பேர் தளத்தில் வைத்தே விசாரித்தார்கள். "நேரத்துக்கு வெட்டினீங்களா?"

ததேயு வாயைத் திறப்பதற்குள் நிரஞ்சனா முந்திக்கொண்டாள். "நான் பக்கத்துலயே இருந்தேன். நேரத்துக்கு வெட்டிட்டார்." அவள் நாடி பார்த்த விரல் நுனிகளை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் உறவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ததேயு தலை குனிந்து, "ஆமா" என்றான். சொன்ன பிறகுதான், இதே வார்த்தையை இதே குனிந்த தலையோடு சொன்ன இன்னொருவனின் கழுத்துவலி அவனுக்குப் புரிந்தது.

அடக்கம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாம் கலைந்துபோன பிறகு, ஒரு முற்பகலில் அவன் தங்கச்சி வீட்டுக்குப் போனான். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுக அடுக்கிக்கொண்டே போனான். ஜெசிந்தா அழுது ஓய்ந்த முகத்தோடு கதவைத் திறந்தாள். ஒரு தம்ளரில் தேநீரும் தட்டில் ஒரு பன்னும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவனுக்குச் சீனி பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். சீனிபோடாத தேநீர்தான் கொடுத்திருந்தாள்.

"ஜெசிந்தா," என்று ஆரம்பித்தான். "மாப்ள அன்னைக்கு லூக்காச..."

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"அவரு இந்த மேசையில முத நாளு பன்னை ரெண்டாப் பிச்சாரே, அப்பமே தெரியும். வெட்டியிருந்தா ஒரு நாளுல அடங்கியிருக்கும்லா. நான் கேக்கல, அவரும் சொல்லல." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒன்கிட்ட சொன்னா நம்பவா செய்வ? கயித்தப் பிடிச்சா ஒனக்கே தெரியும்னுதான் பிடிக்கச் சொன்னேன். இப்பிடி ஆவும்னு நெனைக்கல."

அவன் தம்ளரை எடுத்தான். குடிப்பதற்கு முன் அதன் அடியை மேசையில் இரண்டு தரம் லேசாகத் தட்டினான். பிறகு பன்னைப் பிய்த்து, பாதியை மேசையின் எதிர்ப்பக்கம் தள்ளிவைத்தான். ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு அவன் கையையே பார்ப்பதைக் கண்ட பிறகுதான் அவன் தன் கையைப் பார்த்தான். தம்ளரை அப்படித் தட்டுவது சவேரி. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்ட சத்தம் அது.

பிறகு அவள் அந்தப் பாதிப் பன்னை எடுத்து, பிட்டு, வாயில் போட்டு மென்றாள். எழுந்து போய்ச் சீனி டப்பாவைக் கொண்டுவந்து, கேட்காமலே அவன் தேநீரில் அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

அவன் குடித்தான். நன்றாக இருந்தது. அந்த இனிப்பு யாருக்குப் பிடிக்கிறது என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.